மூடிய சீலிங்குக்குள் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்: தாம்பரம் வீட்டு ஏசி லைன், ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டு வயரிங்கில் ஜங்ஷன் பாக்ஸை, அதாவது வயர்கள் சந்திக்கும் பெட்டியை, கை எட்டாத இடத்தில் வைத்து மூடிவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் என் பதில். உள்ளே ஜாயின்ட் (வயரோடு வயரை இணைத்த இடம்) இருக்கிற பாக்ஸ் என்றால் பேச்சே இல்லை. ஆனால் விதி எண்ணை மட்டும் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, "இத்தனை வீட்டுல அப்படித்தான் போட்டிருக்கோம், என்ன ஆச்சு?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். அதனால் தாம்பரம் பக்கம் நான் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டை முழுசாக எழுதுகிறேன்.

மாடி வீடு, மொட்டை மாடிக்கு நேர் கீழே. கட்டும்போது போட்ட வயரிங் நன்றாகவே இருந்தது. பெட்ரூம் ஏசிக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) தனி லைன், 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், கரண்ட் கூடினால் தானாக வெட்டும் 25 ஆம்பியர் எம்சிபி. பிறகு இன்டீரியர் வேலை செய்தார்கள். கட்டில் இடம் மாறியது, அதோடு ஏசியும் எதிர்ச் சுவருக்குப் போனது, மேலே ஜிப்சம் சீலிங் வந்தது. சீலிங் வந்த முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் ஏசி கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஸ்டெபிலைசர் கட் ஆக ஆரம்பித்தது. ஏசி மெக்கானிக் வந்து கெப்பாசிட்டரை மாற்றினார். சரியாகவில்லை. ஸ்டெபிலைசரையே மாற்றினார்கள், ரெண்டு வாரம் கழித்து அதுவும் அப்படியே. நடுநடுவே அறைக்குள் ஒரு கவிச்சி வாடை. எலி செத்திருக்கும் என்று லாஃப்ட், அலமாரி எல்லாம் காலி செய்து தேடியிருக்கிறார்கள். சூடேறிக் கருகும் சில வகைப் பிளாஸ்டிக் மீன் வாடை மாதிரியே அடிக்கும், இது பலருக்குத் தெரியாது. வீட்டில் காரணமில்லாமல் மீன் வாடை வந்தால் எலியைத் தேடும் முன் சுவிட்ச் போர்டையும் பிளக் பாயின்ட்டையும் முகர்ந்து பாருங்கள்.

நான் போனபோது வீட்டு அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் வழி காட்டியது. "தம்பி, ஏசி ஓடினாத்தான் இந்த வாடை வருது, ஃபேன் மட்டும் ஓடினா வர்றதில்ல." அப்படியென்றால் ஏசி லைனில்தான் எங்கோ சூடு. ஏசியில் இல்லை, பிளக் டாப்பில் இல்லை, டிபி பாக்ஸில் எம்சிபி திருகாணிகள் இறுக்கமாகத்தான் இருந்தன. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள வயர்.

முதலில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் போட்டேன். 500 வோல்ட்டில் இன்சுலேஷன் அருமையாக இருந்தது. கசிவு வந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபியும் சோதித்தபோது ஒழுங்காக ட்ரிப் ஆனது. இங்கேயே பலர் நிறுத்திவிட்டு "லைன்ல ஒன்னுமில்ல" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மெக்கர் பார்ப்பது ஒரு வயருக்கும் இன்னொரு வயருக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்பதை. ஒரே வயரின் வழியில் ஒரு இடம் லூஸாக இருந்தால் அது மெக்கருக்குத் தெரியவே தெரியாது.

அதற்கு லோடு ஓட வைத்து வோல்ட்டேஜ் டிராப், அதாவது வழியில் எத்தனை வோல்ட் குறைகிறது என்று, பார்க்க வேண்டும். டிபியில் ஒரு மீட்டர், ஏசி பாயின்ட்டில் ஒரு மீட்டர், ரெண்டையும் ஒரே நேரத்தில். ஒரே மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அதற்குள் லைன் வோல்ட்டேஜே மாறிவிடும், சென்னைப் புறநகரில் சொல்லவே வேண்டாம். ஒன்றரை டன் ஏசி, பழைய ரகம், இன்வெர்ட்டர் இல்லை. கிளாம்ப் மீட்டரில் கரண்ட் ஏழரை ஆம்பியர். டிபியில் 229 வோல்ட், ஏசி பாயின்ட்டில் 220. டிராப் 9 வோல்ட்.

இந்த 9 வோல்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. 230க்கு இது 4 சதவீதம்கூட இல்லை. லைட் தவிர்த்த லோடுக்கு 5 சதவீதம் வரை டிராப் இருக்கலாம் என்பது ஐஈசி (சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையம்) சொல்லும் அளவு. அதாவது படிவத்தில் டிக் போடுபவருக்கு இந்த லைன் பாஸ். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபியிலிருந்து பழைய ஏசி பாயின்ட் வரை சுமார் 12 மீட்டர் 4 ஸ்கொயர், அங்கிருந்து புது இடத்துக்கு சுமார் 8 மீட்டர். புது பாயின்ட்டைத் திறந்து பார்த்தால் வந்திருப்பது ரெண்டரை ஸ்கொயர் வயர். 4 ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் காப்பருக்கு கிலோமீட்டருக்கு 4.95 ஓம், ரெண்டரைக்கு 7.98 ஓம். போக வர ரெண்டு வழியும் சேர்த்தால் மொத்தம் கால் ஓம். ஏழரை ஆம்பியருக்கு 2 வோல்ட்டுக்குக் கீழேதான் டிராப் ஆக வேண்டும். மிச்சம் 7 வோல்ட் எங்கே போகிறது? வயர் நீளத்தில் பரவி இல்லை, ஏதோ ஒரு புள்ளியில் விழுகிறது. 7 வோல்ட் பெருக்கல் ஏழரை ஆம்பியர், சுமார் 50 வாட். ரெண்டு 25 வாட் சால்டரிங் அயர்னை ஆன் செய்து சீலிங்குக்குள் வைத்து மூடியது போல.

ஸ்டெபிலைசர் கட் ஆன காரணமும் இதுதான். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் கரண்ட் நாலைந்து மடங்கு ஏறும், அந்த லூஸ் ஜாயின்ட்டில் டிராப்பும் அதே மாதிரி ஏறும், ஸ்டெபிலைசர் லோ வோல்ட்டேஜ் என்று நினைத்து வெட்டிவிடும். மாற்றி எறிந்த ஸ்டெபிலைசரில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது.

தெர்மல் கேமராவைச் சீலிங்கை நோக்கிப் பிடித்தபோது பழைய ஏசி பாயின்ட்டுக்கு மேலே கொஞ்சம் தள்ளி, கையகலத்துக்கு ஒரு வெதுவெதுப்பான திட்டு தெரிந்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அதே இடத்தில் பெயின்ட் லேசாகப் பழுப்பேறி இருந்தது. சீலிங்கை அறுத்தோம்.

உள்ளே ஒரு சாதாரண பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், மூடி ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய 4 ஸ்கொயரையும் புது ரெண்டரை ஸ்கொயரையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். ஃபேஸ் ஜாயின்ட் கரிக்கட்டை மாதிரி, தொட்டதும் நூல் நூலாக உடைந்தது. டேப் உருகி பாக்ஸோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் திரைச்சீலைக் கம்பிக்காகக் கொடுத்திருந்த பிளைவுட் துண்டின் ஓரம் பழுப்பாகியிருந்தது. எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது எர்த் வயரைப் பார்த்தபோது. ரெண்டே முறுக்கு, டேப்கூட இல்லை, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஏசி பாடியில் எப்போதாவது லீக்கேஜ் வந்திருந்தால் அது பூமிக்குப் போக அந்த ரெண்டு முறுக்கை நம்பித்தான் இருந்திருக்கிறது.

இதில் எம்சிபி ஏன் ட்ரிப் ஆகவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்வி, இந்த விஷயத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எம்சிபி கரண்ட் அளவைத்தான் பார்க்கும். லூஸ் ஜாயின்ட்டில் ஓடுவது ஏசியின் வழக்கமான ஏழரை ஆம்பியர்தான், 25 ஆம்பியர் எம்சிபிக்கு அது தூசு. ஆர்சிசிபி, போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும், முழுசாகத்தான் வருகிறது. அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1977ல் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து வெளியிட்டது. லூஸான இணைப்பு ஒன்று செந்தணலாக ஒளிரும் நிலைக்குப் போய்விட்டால் 15 ஆம்பியரில் 35 வாட் வரை, வெறும் 0.8 ஆம்பியரில்கூட 5 வாட் வரை சூடாக வெளியேற்றுகிறது. பிளக் பாயின்ட்டின் உலோகத் தகட்டில் 750 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 400 டிகிரி செல்சியஸ் அளந்திருக்கிறார்கள். அந்த நிலையிலும் விளக்கு வழக்கம்போல எரிகிறது, ஃபியூஸ் போகவில்லை, பிரேக்கர் விழவில்லை. 0.8 ஆம்பியர் என்றால் ஒரு ஹாலின் ஃபேனும் நாலைந்து லைட்டும் சேர்ந்த லோடு. ஏசி லைன் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் அப்போது இந்த ஆராய்ச்சி நடந்ததற்குக் காரணம் உண்டு. 1965லிருந்து 1973 வரை அங்கே நிறைய வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். 1974 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸில் ஒரு வீடு எரிந்து ரெண்டு பேர் இறந்தார்கள், ஒரு பிளக் பாயின்ட்டில் இருந்த அலுமினிய வயர் இணைப்புதான் காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் சொன்னார்கள். 1972க்கு முன்னால் தயாரான அலுமினிய வயர் போட்ட வீடுகளில், தீப்பிடிக்கும் அளவுக்குப் போன இணைப்பு ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு, காப்பர் வீட்டைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பேச்செல்லாம் இணைப்பைப் பற்றியே இருக்கிறது. குழாய்க்குள் முழுசாகக் கிடக்கும் வயர் சும்மா கிடக்கும். முனை சந்திக்கிற இடம்தான் தானாகக் கெட்டுப்போகும். லோடு ஏறினால் சூடு, இறங்கினால் குளிர்ச்சி, உலோகம் விரிந்து சுருங்கும், முறுக்கு தளரும், தளர்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், ஆக்சைடால் இன்னும் சூடு. மொட்டை மாடிக்குக் கீழே, மே மாத வெயிலில், காற்று ஓட்டமே இல்லாத சீலிங் இடைவெளியில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டேப்பின் பசை முதல் கோடையிலேயே இளகிவிடும்.

இப்போது விதிகள். ஐஈசி 60364-5-52ல் 526.3 என்ற பிரிவு, எல்லா இணைப்புகளும் பார்வையிடவும் சோதிக்கவும் பராமரிக்கவும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. விலக்கு சிலவற்றுக்கு மட்டும்: மண்ணில் புதைக்கும் கேபிள் ஜாயின்ட், ரெசின் போன்றவை ஊற்றி முழுசாக அடைத்த ஜாயின்ட், ஹீட்டிங் கேபிளின் குளிர்முனை இணைப்பு, வெல்டிங், சால்டரிங் அல்லது சரியான கருவியால் அழுத்திச் செய்த ஜாயின்ட். நம் நாட்டு வயரிங் தரமான ஐ.எஸ். 732, 2019ல் திருத்தப்பட்டபோது இந்த ஐஈசி வரிசையைத்தான் தழுவிக்கொண்டது. பழைய 732லேயே, சுவருக்குள் பைப் போட்டால் இன்ஸ்பெக்ஷன் பாக்ஸைச் சுவரோடு சமமாக வைக்க வேண்டும், பின்னால் வயரை உருவவும் புதுசு இழுக்கவும் வசதி இருக்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே இது வெளிநாட்டு வழக்கம், நமக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரிட்டனின் வயரிங் தரமான பி.எஸ். 7671லும் அதே 526.3தான், கூடவே ஒரு விலக்கு உண்டு. பராமரிப்பே தேவையில்லாத வகை என்று பி.எஸ். 5733 தரத்தின்படி சோதித்து, எம்எஃப் என்ற குறி போட்ட பாக்ஸ் என்றால் மூடிய இடத்தில் வைக்கலாம். ஸ்பிரிங்தான் வயரைப் பிடித்துக்கொள்ளும், திருகாணி கிடையாது.

அமெரிக்கா இன்னும் கறார். அவர்களுடைய மின் விதித்தொகுப்பில் 314.29, பாக்ஸுக்குள் இருக்கும் வயரிங்கைக் கட்டடத்தின் எந்தப் பகுதியையும் பெயர்க்காமல் எட்ட முடிய வேண்டும் என்கிறது. ஜாயின்ட் இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே பேச்சில்லை, பாக்ஸ் என்றால் எட்ட வேண்டும். பழைய கட்டடத்தில் கேபிளைச் சுவருக்குள் விட்டு எடுக்கும் மறுவயரிங் வேலைக்கு மட்டும், அதற்கென்றே அங்கீகரித்த சில இணைப்புச் சாதனங்களை 334.40ல் அனுமதித்திருக்கிறார்கள்.

எட்டும் இடம் என்றால் எது? கண்ணில் படுகிற இடம் என்று அர்த்தமில்லை. அலுவலகங்களில் இருக்கும் 2க்கு 2 அடி டைல் சீலிங்கில் டைலைத் தூக்கினால் பாக்ஸ் தெரியும், அது எட்டும் இடம்தான். ஜிப்சம் போர்டைத் திருகாணி போட்டு, ஜாயின்ட் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் அது எட்டாத இடம். அறுக்காமல் உள்ளே போக முடியாது. சோதனை எளிது: ஸ்க்ரூ டிரைவரும் ஏணியும் மட்டும் வைத்து, எதையும் உடைக்காமல் பாக்ஸ் மூடியைத் திறக்க முடிகிறதா?

இனி வாக்குவாதம். இன்டீரியர் வேலை எடுத்தவர் வந்தார். "சார், முறுக்கி டேப் போட்டது தப்புதான், ஒத்துக்கறேன். நல்ல லீவர் கனெக்டர் போட்டு, அதே பாக்ஸ்ல வச்சு மூடிடலாம். அறுத்த இடத்துக்கு ஒரு பேட்ச், ஒரு கோட் பெயின்ட், முடிஞ்சது." அவர் சொன்னதை நான் சும்மா தள்ளிவிடவில்லை. வேகோ கம்பெனியுடையது மாதிரி, சின்ன நெம்பை மடக்கினால் வயரைப் பிடித்துக்கொள்ளும் லீவர் கனெக்டர் கை முறுக்கைவிட எத்தனையோ மேல். ஆனால் கனெக்டர் நல்லதாக இருப்பதால் மட்டும் எம்எஃப் ஆகிவிடாது. எந்தக் கனெக்டர் எந்தப் பாக்ஸில், கேபிளை இழுத்தால் ஜாயின்ட்டில் இழுவை விழாதபடி பிடிப்போடு, எவ்வளவு கரண்டுக்கு என்று முழுத் தொகுப்பாகச் சோதித்தால்தான் அந்தக் குறி கிடைக்கும். கடையில் வாங்கின ஏதோ ஒரு பிவிசி பாக்ஸுக்குள் கனெக்டரைப் போட்டால் அது கனெக்டர் உள்ள சாதாரண பாக்ஸ், அவ்வளவுதான். கிரிம்ப் செய்யலாமே, அதாவது உலோகக் குழலுக்குள் வயர்களை விட்டு அழுத்தி இணைக்கலாமே, என்றார். விதிப்படி சரி. ஆனால் சரியான அளவு அச்சு (டை) உள்ள கிரிம்பிங் டூலால் செய்தால்தான் சரி. வீட்டு வேலைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் கட்டிங் பிளேயரால் நசுக்கியது.

ஜாயின்ட் எப்படிப் போட்டாலும் தீராத இன்னொரு தவறும் அந்த லைனில் இருந்தது. 25 ஆம்பியர் எம்சிபிக்குக் கீழே ரெண்டரை ஸ்கொயர். சுவர்மேல் பைப்பில் போகும் ரெண்டரை ஸ்கொயர் பிவிசி வயருக்கு ஐஈசி அட்டவணைப்படி 30 டிகிரியில் 24 ஆம்பியர். சீலிங்குக்குள் 45 டிகிரி என்று வைத்தால் 0.79 ஆல் பெருக்க வேண்டும், 19 ஆம்பியர்தான் தாங்கும். அதே சூட்டில் 4 ஸ்கொயர் 25 ஆம்பியர் தாங்கும், எம்சிபிக்குச் சரியாகப் பொருந்தும். முதலில் வீட்டை வயரிங் செய்தவர் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். பின்னால் வந்த 8 மீட்டர் அதைக் கெடுத்துவிட்டது.

கடைசியில் செய்தது இது. சீலிங்குக்குள் ஜாயின்ட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். டிபியிலிருந்து புது ஏசி பாயின்ட் வரை ஒரே துண்டு 4 ஸ்கொயர், ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். பழைய பைப் வழியாக வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டுப் பழைய ஏசி பாயின்ட்டின் சுவர்ப் பெட்டி வரை இழுத்து, அங்கிருந்து காடி எடுத்து மேலே ஏற்றி, சீலிங்குக்கு மேல் பைப்பில் கொண்டுபோனோம். சுவர்ப் பெட்டியை மூடவில்லை, டம்மி பிளேட் போட்டு விட்டுவிட்டோம். நாளைக்கு வயர் உருவ வேண்டுமானால் அங்கே நின்று உருவலாம். கருகின பாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது பைப் மட்டும் போகிறது. எல்லாம் முடிந்ததும் அதே ஏசி, அதே ஏழரை ஆம்பியரில் டிராப் 1.7 வோல்ட். எர்த் வயர் எங்கும் அறாமல் போகிறதா என்றும் பார்த்து எழுதிக் கொடுத்தோம்.

செலவு? வயரும் பைப்பும் பெரிய தொகை இல்லை. அதைவிட சீலிங் அறுத்து, பூசி, பெயின்ட் அடித்த கூலிதான் அதிகம். முதலிலேயே ஒரே வயராக இழுத்திருந்தால் 12 மீட்டர் வயரின் விலையும் கொஞ்ச நேரமும்தான் கூடுதலாக ஆகியிருக்கும், மாற்றின கெப்பாசிட்டரும் ஸ்டெபிலைசரும் மிச்சம். இது ஏன் நடக்கிறது என்றால், நம் ஊரில் சீலிங் ஆள் வேறு, வயரிங் ஆள் வேறு. வயரிங் ஆள் போன பிறகு சீலிங் ஆள் வருகிறார், எந்தப் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கவலை இல்லை, அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளின்படி வயரிங்கை நீட்டுவது, மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் மூலம், சான்று பெற்றவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். இன்டீரியர் பேக்கேஜுக்குள் "எலெக்ட்ரிக்கல் எக்ஸ்ட்ரா" என்று ஒரு வரியாகப் போகும் வேலைக்கு அந்த மேற்பார்வை கிடைப்பதே இல்லை. இதைத்தான் வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அதே வீட்டு ஹாலில் லைட்டுக்கான ரெண்டு பாக்ஸ்களும் சீலிங்குக்குள் இருந்தன. அவற்றை எடுத்தால் பாதி லைட் வயரிங்கை மாற்ற வேண்டும், எனவே நேர் கீழே திறந்து மூடும் ட்ராப் டோர் வைக்கச் சொன்னேன். ஹாலின் அழகு கெட்டுவிடும் என்று முதலில் தயங்கினார்கள், ஒன்றை ஏசி சர்வீஸுக்கு வைத்த திறப்போடு சேர்த்துவிட்டோம், இன்னொன்று ஓரத்தில் பெயின்ட்டோடு பெயின்ட்டாகப் போய்விட்டது. டவுன்லைட்டுக்குத் தனித் திறப்பு தேவைப்படாது. லைட் வைக்கும் ஓட்டை வழியாகவே கனெக்டரைக் கீழே இழுத்துப் பார்க்க முடிந்தால் போதும் என்பது என் கருத்து, அதற்கு ஓட்டைப் பக்கத்திலேயே வயரில் கொஞ்சம் நீளம் விட்டிருக்க வேண்டும்.

சீலிங் மட்டுமே இல்லை. மாடுலர் கிச்சன் கேபினட்டுக்குப் பின்னால் சிம்னி பாயின்ட், டிவி பேனலுக்குப் பின்னால் மூடிய பாக்ஸ், சுவரோடு அடித்த வார்ட்ரோபுக்குப் பின்னால் பழைய சுவிட்ச் பெட்டி, பாத்ரூமில் டைல் ஒட்டி மறைத்த கீசர் பாக்ஸ், ஸ்லாபில் பயன்படாத ஃபேன் பாக்ஸைப் பூசி மறைத்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். கேட் லைட்டுக்காக மண்ணுக்குள் புதைத்த பிவிசி பாக்ஸ் இன்னும் மோசம், முதல் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் நிறைந்துவிடும். மண்ணுக்குள் ஜாயின்ட் தவிர்க்கவே முடியாதென்றால் ரெசின் ஊற்றும் கேபிள் ஜாயின்ட் கிட் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும்.

ஏற்கனவே சீலிங் மூடிய வீட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை. சீலிங் போடும்போது போனில் எடுத்த படங்களைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும், அதில் பாக்ஸ்கள் தெரியும். அப்புறம் ஏசி, கீசர், இண்டக்‌ஷன் போன்ற கனமான லோடு லைன்களை ஒவ்வொன்றாக அரைமணி நேரம் ஓடவிட்டு, ரெண்டு மீட்டர் வைத்து டிராப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த வோல்ட்டை, அந்த நீள வயருக்கு வர வேண்டிய வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ரெண்டு மூன்று மடங்கு கூட இருந்தால் அந்த லைனை ஆஃப் செய்து வைத்துவிட்டு ஜாயின்ட்டைத் தேடுங்கள்.